நாற்பத்தெட்டு வீட்டு அரை மணி நேரம்

என் மனைவி எம்.ஏ. படித்த கதையை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். ஐம்பது வயதை நெருங்கும்போது ஆசை வந்துவிட்டது என்பது ஒரு கட்சி. புருஷன் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் நோட்ஸ் எல்லாம் ஓசி என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: ஆமாம், ஓசிதான். மற்றதை நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. அவள் எழுதமாட்டாள். அடுத்தவர்கள் சொன்னதை இருபத்திரண்டு வருஷம் எழுதிய கை அது. தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் பேனாவுக்கு மூடி போட்டுவிடும்.

கடை பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், தாள் வெட்டுகிற மெஷின் ஒன்று, பசைச் சட்டி, அட்டையில் தங்க எழுத்து பதிக்கிற ஒரு கிழட்டு அச்சு. எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு அட்டை போட்டிருக்கிறேன். மறுநாள் காலை கடைசிக் கெடு என்றால் முந்தின நாள் கடை மூடப் போகும்போதுதான் வருவார்கள். நாற்பத்தேழாம் பக்கத்துக்கு அடுத்தது நாற்பத்தொன்பதாக இருக்கும். “அண்ணே, எப்படியாவது...” என்று கண்ணைக் கசக்குவார்கள். நன்றியுரையில் கடவுளில் ஆரம்பித்து விடுதி வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரும் இருப்பார்கள், பைண்டர் மட்டும் இருக்கமாட்டான். பழகிவிட்டது. என்னிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: உள்தாள் முழுசாக வந்து சேராமல் அட்டை போடமாட்டேன். அட்டையைப் பார்த்துவிட்டால் எழுதுகிறவர்களுக்கு வேலை முடிந்துவிட்ட நினைப்பு வந்துவிடும்.

என் மனைவியின் வேலை சர்வே எடுப்பது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேள்வித்தாளைத் தயார் செய்து கொடுப்பார்கள், இவள் வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பிக்கொண்டு வருவாள். ஒரு வருஷம் கொசுவலை, ஒரு வருஷம் கழிப்பறை, ஒரு வருஷம் புகையில்லாத அடுப்பு. கேள்விகள்தான் மாறும். பதில் சொல்கிறவர்கள் அதே தெருக்களில் அதே வாசல்களில் இருப்பார்கள். அங்கே இவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். குழந்தைகள் தெருமுனையில் பார்த்ததுமே “கேள்வியக்கா வந்தாச்சு” என்று உள்ளே ஓடிச் சொல்லும். ஒரு குடை, ஒரு தோள்பை, தாள் செருகிய அட்டை, இரண்டு பேனா. செருப்பு மட்டும் வருஷத்துக்கு மூன்று ஜோடி தேயும்.

அப்படி எடுத்த சர்வேக்களில் ஒன்றுதான் இந்தக் கதைக்கு முக்கியம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் மேட்டுத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது, பக்கத்துப் பள்ளத் தெருவுக்கு வரவில்லை. தண்ணீர் ஏன் மேட்டில் முதலில் ஏறியது என்று என்னைக் கேட்காதீர்கள், அங்கே யாருடைய மச்சான் குடியிருந்தாரோ. குழாய் வந்ததால் பெண்களுடைய நாள் எப்படி மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஒல்லியான பெண், முகத்தில் பாதிக்குக் கண்ணாடி. நான் கண்ணாடிப் பொண்ணு என்று பெயர் வைத்தேன். மேட்டுத் தெருவின் நாற்பத்தெட்டு வீட்டையும் என் மனைவி எடுத்தாள். பள்ளத் தெருவை வேறொரு பெண் எடுத்தாள்.

வேலை இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தொடர்ந்து ஆறு நாள் போகவேண்டும். “நேத்து காலையில அஞ்சு மணிக்கு என்ன பண்ணீங்க? அஞ்சரைக்கு?” என்று இரவு படுக்கிற வரை கேட்டு, தாளில் உள்ள கட்டங்களில் டிக் போடவேண்டும். மேலே அரை மணி அரை மணியாக நேரம். இடது பக்கம் வரிசையாகச் சமையல், தண்ணீர், துணி, பிள்ளை, கூலி வேலை, ஓய்வு, தூக்கம், இதர. முதல் நாள் ஒத்திகை, கணக்கில் வராது. மீதி ஐந்து நாள் கணக்கு. 

அதில் கண்ணாடிப் பொண்ணு கண்டுபிடித்தது பிரபலமாகிவிட்டது: குழாய் வந்த தெருவில் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஓய்வு கூடியிருக்கிறது. அந்த ஒரு வரியை மேற்கோள் காட்டிய ஆய்வேடுகள் மட்டும் முப்பதாவது என் பசைச் சட்டியைத் தாண்டிப் போயிருக்கும். கண்ணாடிப் பொண்ணு கண்ணாடி மேடம் ஆனார், எதிர்க் கட்டடத்தில் வளர்ச்சி ஆய்வியல் துறையில் பேராசிரியர் ஆனார்.

மேடம் மறக்கிற ஆள் இல்லை. ஒருநாள் என் மனைவியைத் தன் வகுப்புக்குக் கூப்பிட்டு, வீட்டு வாசலில் நின்று எப்படிக் கேள்வி கேட்பது என்று மாணவர்களுக்குச் சொல்லச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். வெளியே வரும்போது மேடம், “அக்கா, அஞ்சல் வழியில பி.ஏ. முடிச்சிருக்கீங்கதானே? நீங்க ஏன் இங்க சேரக் கூடாது?” என்று கேட்டுவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளியூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறாள். அம்மாவும் மகளும் மூன்று வாரம் என்னிடம் மூச்சு விடவில்லை. ஒருநாள் கடையில் வரிசை. தலையை நிமிர்த்தாமல் “எத்தனை காப்பி?” என்றேன். “மார்க் ஷீட்டு ரெண்டு செட்டுங்க” என்றது தெரிந்த குரல். என் பெண்டாட்டி, நாலு மாணவர்களுக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்று, பழுப்பேறிய சான்றிதழ்களை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“எதுக்கு?”

“சேரப் போறேன்.”

“எதுல?”

“வளர்ச்சி ஆய்வியல்.”

“இதுக்கு மேல என்ன வளரப் போற?”

வரிசையில் நின்ற பயல்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. கண்ணாடித் தட்டை இரண்டு தடவை துடைத்துவிட்டு, நான் எடுத்ததிலேயே நல்ல காப்பியாக எடுத்துக் கொடுத்தேன்.

மகளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். முதல் நாள் ஒருத்தன் “ஆன்ட்டி” என்று கூப்பிட்டிருக்கிறான். இரண்டாம் வாரம் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டாள். முதல் வகுப்பில் வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டார்களாம். ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல, இவள் எழுந்து, “எனக்குத் தெரியலை மேடம். ஆனா கேட்டு எழுதிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொன்னதில்லை” என்றாளாம். இதை அந்த ஆன்ட்டிப் பயல்தான் என்னிடம் வந்து சொன்னான்.

மதியம் கடையில் கூட்டம் இருக்காது. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துப் படிப்பாள். சில சமயம் ஸ்கேல் ஒரே வரியில் அரை மணி நேரம் நிற்கும். சில சமயம் என்னைக் கூப்பிட்டு, “என்னங்க, இத்தனை வருஷமா நான் வாசல்ல உக்காந்து பாத்ததுக்கெல்லாம் புத்தகத்துல ஒரு பேர் வெச்சிருக்காங்க” என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருக்குமே, கல்யாணமான புதுசில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

முதல் பருவத்தில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அதே நேரத்தாளில் அவரவர் தங்களுடைய நேற்றைய நாளை நிரப்பிக்கொண்டு வரவேண்டும். அவளுடைய தாளை நான்தான் காப்பி எடுத்தேன். காலை நாலரையிலிருந்து டிக் டிக்காக இறங்கியிருந்தது. ஓய்வு வரிசை மட்டும் வெறுமையாக இருந்தது.

“இதுல நான் எங்கடி இருக்கேன்?” என்று கேட்டேன்.

“சமையல் கட்டத்துல இருக்கீங்க. துணி கட்டத்துலயும் இருக்கீங்க” என்றாள்.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று அப்போது சிரித்ததோடு சரி.

இரண்டாம் வருஷம் ஆய்வேடு எழுதவேண்டும். மேடம்தான் வழிகாட்டி. இவள் எடுத்த தலைப்பு மேட்டுத் தெருவேதான். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அந்த அரை மணி நேர ஓய்வு என்னவாயிற்று என்று அதே பெண்களிடம் போய்க் கேட்பது. நாற்பத்தெட்டில் நாற்பத்தொரு பேரைக் கண்டுபிடித்துவிட்டாள். இந்தத் தடவை ஒரே ஒரு நாள் போய், ஒரே ஒரு நேற்றைக் கேட்டாள். முடிவைப் பார்த்தால் ஓய்வைச் சுத்தமாகத் துடைத்துப் போட்டிருந்தது. குழாய் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது, ஓய்வை மட்டும் காணோம்.

மேடத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “அக்கா, இது பெரிய விஷயம். கிடைச்ச ஓய்வு எங்க போச்சு? செல்போன் தின்னுதா, கூலி வேலை தின்னுதா? நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம்” என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் சட்டத்தை நானே மீறினேன். இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கும்போதே கருநீல அட்டை வெட்டி, ‘கிடைத்த அரை மணியும் தொலைந்த அரை மணியும்’ என்று தங்க எழுத்தில் பதித்து, கீழே அவள் பெயரையும் பதித்து, பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். தினம் ஒருதடவை எடுத்துப் பார்ப்பேன். 

அவள் மட்டும் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. மேட்டுத் தெருவில் இஸ்திரி போடுகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். அந்தக் காலத்து சர்வேயில் முதல் வீடு அவளுடையது. அவள் சொன்ன ஒரு விஷயம் இவளை அரித்துக்கொண்டே இருந்தது.

“கேள்வியக்கா, வேலைக்குப் போறப்ப பிள்ளைங்கள விட்டுட்டுப் போக ஒரு இடம் கட்டிக் குடுங்கன்னு நாங்க எல்லாரும் சேந்து போய்க் கேட்டோம். ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? உங்க தெருவுலதான் ஓய்வு அரை மணி கூடியிருக்கே, புத்தகத்துலயே போட்டிருக்கேன்னு அனுப்பிட்டாங்க. யாரோ எதையோ தப்பா எழுதிட்டாங்க போல.”

இதைக் கேட்டுக்கொண்டு வந்தவள், அன்றைக்குக் கடையில் ஸ்கேலை எடுக்கவே இல்லை.

பிறகு பின்னிணைப்பில் சேர்ப்பதற்காகப் பழைய தாள்களை ஸ்கேன் செய்யவேண்டி வந்தது. துறையின் ஸ்டோர் ரூமில் நாலு பெட்டிகள் கிடந்தன. ஓரம் எல்லாம் கரையான் ருசி பார்த்திருந்தது. பெட்டிகளைக் கடைக்குக் கொண்டு வந்தோம். நாள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நாள் கட்டையும் வீட்டு எண்படி அடுக்கி வைத்தாள். முதல் தாளில் ஒன்றாம் எண் வீடு, அடுத்த தாளில் இரண்டாம் எண் வீடு என்று எல்லாம் அவள் கையெழுத்து.

பழைய தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷினில் வைப்பதற்கு முன்னால் தாள்கட்டைப் பிடித்து, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டி விசிறி விடவேண்டும். காற்று புகுந்தால் பிரிந்துவிடும். இருபது வருஷமாகச் செய்கிற வேலை, எழுத்தைப் பார்க்கமாட்டேன், தாளைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு விசிறியபோது கண்ணில் ஏதோ ஓடியது. மறுபடியும் விசிறினேன். ஒரு டிக் நடந்துகொண்டிருந்தது. ஒரே வரிசையில், இடதிலிருந்து வலமாக, தாளுக்கு ஒரு கட்டம் என்று நடந்தது. நடுவில் ஒரு தாவல், பிறகு மறுபடியும் நடை.

“இங்க பாரு, உன் டிக்கு நடந்து போகுது” என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவள் எழுந்து வந்தாள். விசிறிக் காட்டினேன். “இன்னொரு தடவை” என்றாள். காட்டினேன். “மெதுவா” என்றாள். மூன்றாம் தடவை அவளே கட்டை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஓய்வு வரிசை அது. ஒன்றாம் வீட்டில் பத்து மணிக்கு ஓய்வு. இரண்டாம் வீட்டில் பத்தரைக்கு. மூன்றாம் வீட்டில் பதினொன்றுக்கு. ஆறாம் வீட்டில் பன்னிரண்டரைக்கு. ஏழாம் வீட்டில் இரண்டு மணிக்கு. ஒன்றிலிருந்து இரண்டு வரை மேட்டுத் தெருவில் ஒரு பெண்கூட ஓய்வெடுக்கவில்லை.

“ஒண்ணுலருந்து ரெண்டு நான் சாப்பிடுற நேரம்” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“டிக்கு நடக்கலைங்க. நான் நடந்திருக்கேன்.”

அப்புறம்தான் நிதானமாகச் சொன்னாள். ஒத்திகை நாளில் பத்து மணிக்கு இஸ்திரிக்கார அம்மா வீட்டில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் அதே நேரம் போய், நேற்று பத்து மணிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். “உன்கூடத்தானே உக்காந்திருந்தேன். நேத்து நான் காலை நீட்டினது அப்போ மட்டும்தான். ஓய்வுன்னு போட்டுக்க” என்றாள் அந்த அம்மா. சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும் என்பது சட்டம், இவளும் எழுதினாள். அரை மணி கழித்துப் போன அடுத்த வீட்டிலும் அதே பதில். தினமும் அதே நேரம், அதே பதில். சர்வேக்காரி உட்கார்ந்திருந்த நேரத்தை இதர என்ற வரிசையில் போடவேண்டும், அது கணக்கில் சேராது என்று சர்வே எடுப்பவர்களுக்குக் கொடுத்த கையேட்டில் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. பள்ளத் தெருவை எடுத்த பெண் கையேட்டைப் படித்திருக்கிறாள். இவள் அந்தப் பெண்களின் வாயைப் பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை ஒரே நாள் போனதால் அவர்களுடைய நேற்றில் இவள் இல்லை, ஓய்வும் இல்லை. 

பதினாலு வருஷமாக உலகம் மேற்கோள் காட்டிய அரை மணி நேரத்தைக் குழாய் கொடுக்கவில்லை. என் பெண்டாட்டி கொடுத்திருக்கிறாள்.

நான் நல்லவன் மாதிரி எழுதிக்கொள்ள விரும்பவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது பீரோவில் இருந்த அட்டைதான். “பேசாம விட்டுடு” என்றேன். “பாதித் தாளைக் கரையான் தின்னுட்டுதுன்னு சொல்லிடலாம். நாலு பெட்டியையும் யாரு திறந்து பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேனே.”

“மேடம் உன்னைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சவங்க. அவங்க பேரே இந்த அரை மணியில நிக்குது. நீ போய் அதை உருவப் போறியா? அப்புறம் உனக்கு யாரு கைடு? பட்டம் கிடைக்குமா?”

“அந்தம்மா என் முகத்தைப் பாத்து, யாரோ தப்பா எழுதிட்டாங்கன்னு சொன்னாங்க. அந்த யாரோ எதிர்லயே உக்காந்திருக்கான்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இப்போ தெரிஞ்சுபோச்சுங்க.”

கத்தினேன். இரண்டு வருஷம் நாலரை மணிக்கு எழுந்து படித்ததெல்லாம் தண்ணியில் போகிறதே என்று என்னென்னவோ கத்தினேன். அவள் பெட்டியை மூடி, கட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மாலை எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். நானும் பத்தடி பின்னால் நடந்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தாள்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். நான் கடையில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ஒருத்தனுடைய பயோடேட்டாவை நாற்பது காப்பி எடுத்துத் தள்ளிவிட்டேன். அவன் கேட்டது நாலு. இருபது நிமிஷத்தில் வெளியே வந்தாள். கையில் தாள்கட்டு இல்லை.

“என்ன சொன்னாங்க?”

“விசிறிக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. ஏன் அக்கா அப்பவே சொல்லலைன்னு கேட்டாங்க. அப்போ நிரப்ப மட்டும்தான் தெரியும் மேடம், இப்போதான் படிக்கத் தெரியுதுன்னேன். தாளை இங்கயே வெச்சுட்டுப் போங்கன்னாங்க.”

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் மேடத்திடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வகுப்புக்கு வந்தார், பாடம் எடுத்தார், இவள் பக்கம் திரும்பவில்லை. இவள் வழக்கம்போல் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஆய்வேடு கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அப்படியே நிற்பாள். “போனா போகுதுங்க, படிச்சது எங்கயும் போகாது” என்பாள். அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். எனக்கு மேடத்தின் மேல் கோபம், இவள் மேல் கோபம், அந்தக் கையேட்டை அச்சடித்தவன் மேல் கோபம். பீரோவைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் மதியம் கண்ணாடி மேடம் கடைக்கு வந்தார். என் மனைவி தாள் வாங்கப் போயிருந்தாள். மேடத்தின் கண் வீங்கியிருந்தது. ஒற்றைத் தாளை நீட்டி, “அண்ணே, ரெண்டு காப்பி” என்றார்.

வாடிக்கையாளர் தாளைப் படிக்கக்கூடாது. படித்தேன். அவர் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதிய கடிதம் அது. எங்கள் ஆய்வில் மேட்டுத் தெருப் பெண்களுக்குக் கூடியதாகச் சொன்ன அரை மணி நேர ஓய்வு குழாயினால் வந்தது அல்ல, அவர்கள் பக்கத்தில் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்ததால் வந்தது, இதைக் கண்டுபிடித்தவர் என் மாணவி என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். முதல் காப்பி கோணலாக விழுந்தது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்தேன்.

அதற்குள் இவள் வந்துவிட்டாள். மேடத்தைப் பார்த்ததும் தாள் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, உங்க கடைசி அத்தியாயத்துல தப்பு உங்களோடதுன்னு எழுதியிருக்கீங்களாமே. உங்களை ஆன்ட்டின்னு கூப்பிட்டானே, அந்தப் பையன் சொன்னான். அப்படி எழுதாதீங்க” என்றார் மேடம். “நான் அந்தத் தெருவுக்கு மொத்தமே ரெண்டு நாள்தான் வந்தேன். நாளைக்குப் பன்னெண்டு வீடுன்னு நீங்க போனது இருபத்திநாலு நாள். அந்தப் பொம்பளைங்க எப்போ ஓய்வெடுக்கிறாங்கன்னு உங்ககிட்ட நான் ஒரு தடவைகூடக் கேக்கலை. அதை எழுதுங்க.”

“உங்களுக்குக் கெட்ட பேர் வருமே மேடம்.”

“வரட்டும். பன்னெண்டு நாள் அதுக்காகத்தான் அழுதேன். முடிஞ்சுது.”

இவள் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பிக்கொண்டு, ஓடாத மெஷினைத் திறந்து மூடினேன்.

அதை மாற்றி எழுதுவதற்கு முன்னால் மேட்டுத் தெருவுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்றாள் என் மனைவி. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் கூப்பிட்டாள். இஸ்திரிக்கார அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இவள் சொன்னதை முழுசாகக் கேட்டாள். தப்பாக எழுதியது நான்தான் என்று இவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். திட்டு விழும் என்று நான் நினைத்தேன்.

“நீ எங்க தப்பா எழுதினே?” என்றாள் அந்த அம்மா. “ஓய்வுதான் அது. நீ கேக்க வந்தே, நான் உக்காந்தேன். வீட்டுல யாரும் எழுப்பலை, ஆபீஸ் வேலைன்னு விட்டுட்டாங்க. நேத்து என்ன பண்ணேன்னு என்னை அதுக்கு முன்னாடி யாரு கேட்டா? ஆறு நாள் முடிஞ்சு நீ போய்ட்டே. அப்புறம் நான் யாருக்காக உக்காரட்டும்?”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் பேச்சு காதை விட்டுப் போகவில்லை.

அந்தப் பேச்சில்தான் அவளுடைய கடைசி அத்தியாயம் தொடங்குகிறது. பிள்ளைகளை விடுகிற இடம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட கதையும் அதில் இருக்கிறது. இந்த ஆய்வேட்டின் ஒரு பிரதியோடு அந்தத் தெருப் பெண்கள் மறுபடியும் ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் குடைந்தாராம். கடைசியில் எழுந்து நின்று கைகொடுத்தாராம். தேறிவிட்டாள். 

பீரோவில் இருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். தலைப்பு இப்போது தப்பு, கிடைத்ததும் இல்லை, தொலைந்ததும் இல்லை. “உங்க சட்டத்தை நீங்களே மீறிட்டீங்களா?” என்று கேட்டு, தங்க எழுத்தில் தன் பெயரை விரலால் தடவினாள். அந்த அட்டை வேண்டாம் என்று புது அட்டை வெட்டினேன், பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பைண்டிங் செய்யும்போது நன்றியுரையைப் பார்த்தேன். முதலில் நாற்பத்தெட்டுப் பெண்கள். பிறகு மேடம். பிறகு மகள். கடைசி வரி: தாளை விசிறிக் காட்டிய பைண்டருக்கு. இருபது வருஷத்தில் முதல் தடவை. பசை கொஞ்சம் அதிகமாகவே தடவிவிட்டேன் அன்றைக்கு.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த முதல் பருவத்துப் பயிற்சித்தாள் என் கல்லாப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது. ஓய்வு வரிசை வெறுமையாக இருக்கிற தாள்.

பட்டம் வாங்கிய வாரம், மதியம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். வீட்டுக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

“என்னங்க, உடம்பு சரியில்லையா? மெஷின் கெட்டுப்போச்சா? என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம். வந்து உக்காரு.”

“பாத்திரம் கிடக்கு.”

“கிடக்கட்டும். நேத்து காலையில அஞ்சு மணிக்கு என்ன பண்ணே?”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். “அஞ்சு மணிக்கா? அஞ்சு மணிக்குப் பால் வாங்கப் போனேன்” என்று ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் காலை எட்டைத்தான் தாண்டினோம். அவளுடைய காலை வேளையில் இத்தனை இருக்கும் என்று இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது.

மறுநாளும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனேன். கேட்டுக்கொண்டே வந்து அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டேன்.

“நேத்து மதியம் ரெண்டு மணிக்கு?”

அவள் நீட்டியிருந்த தன் காலைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“உங்ககூட உக்காந்திருந்தேன்” என்றாள்.